லாக் இல்லாத பின்

ஸ்பானர் பிடிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த ரிங்குக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதற்கு நான் தேவையில்லை. வேலையை விட்டு உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கை சும்மா இருப்பதால் வாய் நீண்டுவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். நீளட்டும். போனில் கிடைக்காத ஒரு சங்கதி என்னிடம் இருக்கிறது. ஊரே சிரிக்கும்படி மாட்டிக்கொண்டு, மூன்றே நாளில் அதே ஊருக்கு முன்னால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்ற கதை அது.

நான் உத்திரமேரூரில் நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் டிராக்டரும், கிணற்று மேட்டு ஆயில் இன்ஜினும்தான். சுற்றுப்பட்டு ஊர்களில் என் கை படாத டிராக்டர் குறைவு. கார்கள் பிற்பாடு வந்தன. வந்த கார்களையும் நான் டிராக்டர் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டுக்கும் உள்ளே ஓடுவது அதே பிஸ்டன்தானே என்று ஒரு தெனாவட்டு.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் கோத்துப் பிடித்திருக்கும் தடித்த விரல் போன்ற இரும்புத் தண்டுக்குக் கட்ஜன் பின் என்று பெயர். நாங்கள் வெறும் பின் என்போம். டிராக்டரில் அந்தப் பின் நழுவி வெளியே வராமலிருக்க, இரண்டு முனையிலும் ஒரு கம்பி வளையம் மாட்டியிருக்கும். அதற்கு எங்கள் பக்கத்தில் லாக் என்று பெயர். லாக்கைக் கழற்றி, பிஸ்டனைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால், பின்னைக் கட்டைவிரலாலேயே தள்ளிவிடலாம். ஆயிரம் தடவை தள்ளியிருக்கிறேன். லாக் போட மறந்தவனை எங்கள் தொழிலில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். பின் நழுவி, பிஸ்டன் ஓடும் குழாயான லைனரைக் கீறிவிட்டால் இன்ஜினே காலி.

மகேஸ்வரி உத்திரமேரூரில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறார். இவளும் நெய்துகொண்டிருந்தவள்தான். தறிக்குழியில் காலை வைத்தது போதும், கிளட்சில் வைக்கிறேன் என்று கிளம்பி, இரண்டு பக்கமும் பிரேக் வைத்த ஒரு பழைய சின்னக் காரை வாங்கி ஸ்கூல் தொடங்கினாள். மூன்று சிலிண்டர் வண்டி. காலியாகக் கிடந்த நெல் களத்தில் கோலமாவால் பெரிய எச் எழுத்துப் போட்டு, அதற்குள் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பாள். கோட்டை மிதித்தால் மிதித்தவளே மறுபடி கோலம் போட வேண்டும் என்பது அவள் சட்டம்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, கலங்கல் தண்ணீர் மானாம்பதி போகும் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. ஒரு வியாழக்கிழமை மகேஸ்வரி அதில் காரை விட்டாள். முன்னால் போன பஸ் அலையைக் கிளப்ப, இன்ஜின் தண்ணீரைக் குடித்து, தடக் என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. டிராக்டரில் கயிறு கட்டி என் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டாவது சிலிண்டரின் ராடு வளைந்திருந்தது. பிஸ்டனுக்கு ஒன்றும் இல்லை. மற்ற இரண்டும் நன்றாக இருந்தன.

"ராட மாத்தணும்மா. ஒரு வாரம் ஆவும்" என்றேன்.

"ஒரு வாரம்லாம் ஆவாதுண்ணா. திங்கக்கெழம காலீல அஞ்சு பொம்பளைங்கள கூட்டிக்கினு காஞ்சிவரம் டெஸ்ட்டுக்குப் போணும். புதங்கெழமயோட அவங்க எல்.எல்.ஆர். முடியுது."

"முடிஞ்சா புதுசா எடுத்துக்கினு வேற தேதி வாங்கிக்கலாமே."

"தேதி ஆபீஸ்ல குடுத்துருவாங்க. வூட்ல குடுக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தியும் மாமியார் கையில கால்ல வுழுந்து வந்துக்கினு கீறா. இந்த வாட்டி வுட்டா, போதும்டி, வந்து அடுப்பப் பாருன்னு முடிச்சிருவாங்க."

அந்த ஐந்து பேரில் ஜெயந்தியை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் ஓரம் பூ கட்டி விற்பவள். லைசென்ஸ் கையில் வந்தால் ஒரு கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் காரை ஓட்ட அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். மற்ற ஸ்கூல் கார்களை மகேஸ்வரி கேட்டுப் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை அவர்களுக்கும் டெஸ்ட் இருந்தது. சரி, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனாலேயே பல நாள் சாப்பாடு கெட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பிஸ்டனைத் துடைத்துக் கையில் எடுத்தேன். பின்னின் இரண்டு முனையிலும் லாக் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. போன வருடம்தான் அந்த இன்ஜினை வாலாஜாபாத் மெக்கானிக் ஒருவர் போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டனாகப் போட்டுக் கொடுத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கார் வேலை தவிர வேறு தொட மாட்டார். அந்த வகையில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சல் ஏற்கெனவே உண்டு, மறைப்பானேன்.

"பாரும்மா. லாக்கே போடாம வுட்டுக்கீறான்" என்று மகேஸ்வரியிடம் காட்டினேன். காட்டியதோடு நின்றேனா? எங்கள் வட்டார மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ எடுத்துப் போட்டேன். வாலாஜாபாத் வேலை எப்படி இருக்கிறது பாருங்கள், பின்னுக்கு லாக் இல்லை என்று கீழே எழுதினேன். எதிரே டீக்கடையிலும் போய்ச் சொன்னேன். எங்கள் ஊர் டீக்கடையில் ஒன்றைச் சொன்னால் அப்புறம் வாட்ஸ்அப் தேவையே இல்லை.

டீயைக் குடித்துவிட்டு வந்து, வழக்கப்படி பிஸ்டனைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக் கட்டைவிரலால் தள்ளினேன். பின் அசையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் போட்டுத் தள்ளினேன். அசையவில்லை. ஒரு பித்தளைக் கம்பியைப் பின்மேல் வைத்துச் சுத்தியால் ஒரு அடி அடித்தேன்.

அந்த அடியின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இறுகிய பொருள் கொஞ்சமாவது இளகினால் மொத்தென்று ஒரு சத்தம் வரும். இது டங் என்று கல்லில் அடித்த மாதிரி கையைத் திருப்பி அடித்தது. சுத்தியை மறுபடி ஓங்கினேன், இறக்காமல் அப்படியே நின்றேன். நாற்பது வருடத்தில் நான் செய்த நல்ல காரியங்களைச் சொல்லச் சொன்னால், அடிக்காமல் விட்ட அந்த இரண்டாவது அடியைத்தான் முதலில் சொல்வேன். முதல் அடி எல்லோரும் அடிப்பதுதான். அசையாத பொருளைப் பார்த்து ஆத்திரப்பட்டு அடிக்கும் இரண்டாவது அடியில்தான் பிஸ்டன்கள் சாகின்றன.

அப்படி நின்றிருந்தபோதே போன் அடித்தது. வாலாஜாபாத்காரர்.

"அண்ணா, போட்டோ பாத்தேன். அந்தப் பின்னுக்கு லாக்கே கெடயாதுண்ணா."

"கெடயாதா? லாக் இல்லாம ஒரு பின்னு கீதா?"

"லாக்கு குந்தறதுக்குப் பள்ளம் கீதான்னு பாருங்க."

பார்த்தேன். பிஸ்டனில் பின் நுழையும் ஓட்டைக்குள் லாக் உட்கார ஒரு பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். வழவழவென்று இருந்தது. காலையிலிருந்து அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாத லாக் கண்ணில் பட்டது, இல்லாத பள்ளம் படவில்லை. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கண் அதற்கு மேல் வேலை செய்யவில்லை.

"இல்லப்பா" என்றேன்.

"ராடுதான் அத்த இறுக்கிப் புடிச்சிக்கினு கீது. பிஸ்டனுக்குள்ள பின்னு லேசா சுத்தும், ராடுக்குள்ள அசையவே அசையாது. தண்ணீல போட்டா பிஸ்டன்தான் இளகும், ராடு வுடாது. சுத்தி கித்தி எடுத்துட்டீங்களா?"

சுத்தி இன்னும் கையில்தான் இருந்தது. "ஒரே அடி" என்றேன்.

அவர் திட்டியிருக்கலாம். ஆனால், "அதோட நிறுத்திக்கினீங்க பாருங்க, அதுவே பெருசுண்ணா" என்றார்.

போனை வைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. போட்டோவை அழிக்க விரலைக் கொண்டுபோனேன். முப்பத்தி சொச்சம் பேர் பார்த்தாகிவிட்டது. அழித்தால் பார்த்தவன் நினைவில் மட்டும் பொய் தங்கிவிடும். அதனால் அழிக்காமல் அதன் கீழேயே பேசிப் போட்டேன். "வாலாஜாபாத் தம்பி செஞ்சது கரெக்டான வேல. லாக் இல்லன்னு சொன்னது என் தப்பு. டிராக்டர் பாத்த கண்ணால கார பாத்துட்டேன். போட்டோ அப்பிடியே இருக்கட்டும், பாத்து கத்துக்கோங்க. சிரிக்கறவங்க சிரிச்சிக்கோங்க." சிரித்தார்கள். டீக்கடையிலும் போய் நானே சொன்னேன். அங்கே இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அன்றிரவு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது என்பது வேறு விஷயம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. என் ஒரு அடியில் பிஸ்டனில் கீறல் விழுந்ததா என்று தெரிய வேண்டும். மயிரிழைக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போதுதான் விரியும். பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்துக் காயவைத்து, மகேஸ்வரியின் கோலமாவை வாங்கி மேலே தூவினேன். கீறல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து மாவில் கோடாக ஈரம் காட்டும். அரை மணி நேரம் இருவரும் அந்த மாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோடு விழவில்லை.

"பாஸா?" என்றாள் மகேஸ்வரி.

"பாஸு."

ஆனால் கஷ்டம் அதோடு தீரவில்லை. அந்தப் பெரிய சைஸ் பிஸ்டன் புதிதாக வேண்டுமென்றால் சென்னையிலிருந்து வர செவ்வாய்க்கிழமை ஆகும் என்றார்கள். எனவே இருக்கிற பிஸ்டனை உயிரோடு காப்பாற்றி, வளைந்த ராடிலிருந்து பிரித்து, நல்ல ராடில் மாட்டியாக வேண்டும். நல்ல ராடு வாலாஜாபாத்காரரிடமே இருந்தது. அதே மாதிரி பழைய இன்ஜின் ஒன்று அவர் ஷெட்டில் கிடந்தது. கேட்க வாய் வரவில்லை. கேட்பதற்கு முன் அவரே போன் செய்து, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். பழைய பிஸ்டனோடு சேர்ந்த ராடை ஒரு சாக்குப் பையிலிருந்து எடுத்து வைத்தார். அதிலும் பின் அதேபோல இறுகித்தான் இருந்தது. ஆக, எடுக்க வேண்டியது இப்போது இரண்டு பின்.

"நம்ம பிரஸ்ஸு சீல் போயி மூணு நாளா படுத்துக்கினு கீதுண்ணா. காஞ்சிவரத்துல ஒருத்தராண்ட கேட்டேன், அவரு பொண்ணு கல்யாணம்னு கடையப் பூட்டிக்கினு போய்ட்டாரு."

பிரஸ் என்றால் ஜாக்கியைத் தலைகீழாக மாட்டி, எதையும் அழுத்தித் தள்ளும் இயந்திரம். அது இல்லாமல் இந்தப் பின்னை எடுக்கப் பார்ப்பது வம்பு. பிஸ்டன் அலுமினியம். ஒழுங்காக அணை கொடுக்காமல் பின்னை அழுத்தினால் அது நெளியும் அல்லது உடையும். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பிஸ்டனுக்கு அணையாக ஒரு தொட்டில் செய்யலாமா என்று யோசித்தோம். குழாயை வளைவாக ராவிப் பார்த்தோம். சரியாக உட்காரவில்லை. பெரிய வைஸில் வைத்து இறுக்கலாமா என்றால், வளைந்த ராடு ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு பிஸ்டனைச் சாய்த்தது. மணி பதினொன்று ஆகிவிட்டது. அவர் பீடியைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக இருந்தார். எனக்குப் பசி வேறு, கோபம் வேறு.

மகேஸ்வரி எதிரே ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, அந்த வளைஞ்ச ராடு திரும்பி வண்டிக்குள்ள போவுதா?"

"எப்பிடிம்மா போவும்? அது எடைக்குப் போட வேண்டியது."

"அப்ப அத்த இன்னாத்துக்கு அடிபடாம பத்திரமா புடிச்சிக்கினு கீறீங்க?"

நான் வாலாஜாபாத்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பீடி அவர் விரலில் அப்படியே நின்றது.

தம்பிகளே, தங்கைகளே, அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருந்தது. பின்னை இறுக்கிப் பிடித்திருப்பது ராடு. அந்த ராடு குப்பை. பிடித்திருப்பவன் கையை வெட்டிவிட்டால் பின் தானாக வந்துவிடும், பிஸ்டனைத் தொடவே வேண்டாம். அதேபோல வாலாஜாபாத்திலிருந்து வந்ததில் வேண்டியது ராடு மட்டும்தான். அதில் இருக்கிற பிஸ்டன் சின்ன சைஸ், எங்களுக்குக் குப்பை. அதை உடைத்துப் போட்டுவிட்டால் ராடுக்கு நேரடியாக அணை கொடுத்துப் பின்னைத் தட்டி எடுக்கலாம். ஒன்றில் ராடைக் கொல்ல வேண்டும், இன்னொன்றில் பிஸ்டனைக் கொல்ல வேண்டும். நாங்களோ நான்கையும் காப்பாற்றப் பார்த்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கழற்றுகிற பொருளை எல்லாம் பத்திரமாகக் கழற்றிப் பழகிய கை எங்களுக்கு. அந்தப் பழக்கம் நல்லதுதான், ஆனால் அன்றைக்கு அதுவே கண்ணைக் கட்டியிருந்தது. நெருக்கடியில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதை விடலாம் என்பதை. அதை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"வேலைக்கு வந்துரும்மா நீ" என்றார் வாலாஜாபாத்காரர் அவளிடம்.

"மொதல்ல வண்டியக் குடுங்க" என்றாள் அவள்.

வளைந்த ராடை, பின்னைப் பிடித்திருக்கும் சின்ன வளையத்துக்குக் கீழே ஹாக்சா பிளேடால் அறுத்தேன். நீட்டிக்கொண்டிருந்த சனியன் ஒழிந்தது. பிஸ்டனுக்குள் ஈரத்துணியை அடைத்து, அந்த வளையத்தின் அடிப்பக்கத்தில், பின் படுத்திருக்கும் திசையிலேயே வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டோம். ஓட்டை பின்னைத் தொடக்கூடாது என்று மகேஸ்வரி பயந்தாள். பயப்பட வேண்டியதில்லை. ராடு மெத்தென்ற இரும்பு, பின் கெட்டியான இரும்பு. டிரில் பிட் ராடைத் தின்று முடித்துப் பின்னைத் தொட்டவுடன் கீச்சென்று கத்திவிடும். கத்தினால் நிறுத்த வேண்டியதுதான். நான்கு தடவை கத்தியது, நான்கு தடவை நிறுத்தினோம். ஓட்டைகளுக்கு நடுவே மீதி இருந்த சின்னச் சுவர்களில் சின்ன உளியை வைத்து மெதுவாக ஒரு தட்டு. டிக் என்று ஒரு சத்தம். வளையம் வாயைத் திறந்தது.

பிஸ்டனைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கட்டைவிரலை வைத்தேன். ஆயிரம் தடவை தள்ளிய அதே கட்டைவிரல். பின் வழுக்கிக்கொண்டு வந்து அடுத்த கையில் விழுந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அறுபது வயதில் அப்படிச் சிரித்தது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அடுத்தது வாலாஜாபாத் பிஸ்டன். அதைச் சுத்தியால் உடைக்கிற வேலையை எனக்கே விட்டுக்கொடுத்தார். "நேத்துலேர்ந்து அடக்கி வெச்சிக்கினு கீறீங்க, அடிங்கண்ணா" என்றார். அடித்தேன். ஓடு ஓடாகப் போனது. பிறகு ராடின் வளையத்தைத் தடித்த குழாய்மேல் உட்கார வைத்துப் பின்னைத் தட்டினோம். ஐந்தாறு அடியில் விட்டுக்கொடுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு பின்னும் மேசைமேல் இருந்தன.

எடுத்தாகிவிட்டது, போட வேண்டுமே. எடுப்பதைவிடப் போடுவது மோசம். ராடின் வளையத்தைச் சூடாக்கினால் அது விரியும். விரிந்திருக்கும் இரண்டு மூன்று வினாடிக்குள் பின்னை நுழைத்து, சரியாக நடுவில் நிறுத்திவிட வேண்டும். பாதியில் நின்றால் வளையம் குளிர்ந்து அங்கேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு நல்ல ராடோ நல்ல பிஸ்டனோ பலி, டெஸ்ட்டும் பலி. சூடு குறைந்தால் நுழையாது. கூடினால் இரும்பு நீலம் பாய்ந்து கெட்டுப்போகும். வாலாஜாபாத்காரர் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வாராம். ஆனால் அன்று மழை மூட்டம், ஷெட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சம். நிறத்தை நம்ப முடியாது என்று அவரே சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற தொழில்காரனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் வெள்ளிக்கிழமை காலை அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரி எங்களைக் காப்பாற்றினாள், அவளுக்கே தெரியாமல். முந்தின வாரம் ரசத்தைக் கொட்டிவிட்டு, காலி ஈயச் சொம்பை மறதியாக எரிகிற அடுப்பில் வைத்துவிட்டாள். சொம்பு கசிந்து உருகி அடுப்புமேல் வெள்ளி மாதிரி உறைந்து போயிருந்தது. அதற்காக நான் அவளை ஒரு நாள் முழுக்கக் கேலி செய்திருந்தேன். ரசம் இருக்கும் வரை ஈயச் சொம்பு அடுப்பில் உருகாது, ஏனென்றால் கொதிக்கிற தண்ணீரின் சூடு அதற்குப் போதாது. உருக வேண்டுமென்றால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். எங்கள் ராடுக்கு வேண்டிய சூடும் ஏறக்குறைய அதுதான்.

"வூட்ல ஈயம் கீது. ராடு மேல ஈயம் உருகிச்சினா சூடு சரியா இருக்கும்" என்றேன்.

வாலாஜாபாத்காரர் கொஞ்சம் யோசித்தார். "இது எனக்குத் தோணலண்ணா" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டபோது வெள்ளிக்கிழமை பட்ட அவமானம் பாதி கழுவிப் போனது. அற்பம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் அடுக்கினோம். பின் ஐஸ் டப்பாவில். பிஸ்டன் வெந்நீரில். பின் போய் நிற்க வேண்டிய ஆழத்துக்கு அளந்து ஒரு கட்டை. சின்ன கேஸ் அடுப்பு. பின்னைவிட மெல்லிய ஒரு கம்பியை வைத்து மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். அவர் ராடை இடுக்கியால் தூக்கி வைக்க வேண்டும், நான் நுழைக்க வேண்டும். மூன்றாவது முடிந்ததும் மகேஸ்வரி கையைத் தூக்கினாள்.

"ராடுல ஒரு புள்ளி கீது. ரெண்டு வாட்டி என் பக்கம் இருந்திச்சி. இப்ப உங்க பக்கம் கீது."

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். அந்தப் புள்ளி பிஸ்டனின் அம்புக்குறி பார்க்கும் பக்கமே பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டிருந்தால் இத்தனை பாடும் வீண். எச் கோட்டுக்குள் பின்சக்கரத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. புள்ளிக்கு நேராகக் கட்டையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு நாலாவது ஒத்திகை பார்த்தோம்.

பிறகு அடுப்பைப் பற்றவைத்தோம். ராடின் வளையத்தைத் தீயில் வைத்து, அவ்வப்போது ஈயத் துண்டை வெளிப்பக்கம் தொட்டுக்கொண்டே இருந்தேன். உருகவில்லை. மறுபடி தொட்டேன். உருகவில்லை. அவர் நெற்றியில் வேர்வை. அடுத்த தடவை தொட்டபோது ஈயம் நெய் மாதிரி இளகி வழிந்தது.

"தூக்கு" என்றேன்.

தூக்கினார். வைத்தார். புள்ளி கோட்டைப் பார்த்தது. ஐஸிலிருந்து பின்னை எடுத்துத் துடைத்துத் தள்ளினேன். எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய், அடிக்கட்டையில் டொக்கென்று நின்றது. கையை எடுக்காமல் பத்து எண்ணினேன். எடுத்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவு. பிஸ்டனை ஆட்டினால் தொட்டில் மாதிரி லேசாக ஆடியது. பின் ராடோடு ஒன்றாகிவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளிக்கிழமை அந்த ஆளைப் பற்றி நான் என்ன எழுதினேன் என்பது இருவருக்கும் நினைவிருந்தது. இருவரும் அதைப் பேசவில்லை.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. அதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். சாயங்காலம் மகேஸ்வரி சாவியைத் திருப்பினாள். மூன்று சிலிண்டரும் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டன. அவள் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை நான் வேலையே செய்யவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை. பதினொன்றரை, பன்னிரண்டு ஆனது. ஒரு மணிக்கு ரோட்டில் அந்த இன்ஜின் சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டியில் அதை நான் கண்டுபிடிப்பேன். ஓடி வெளியே வந்தேன். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து பார்த்தார்கள். ஸ்டியரிங்கில் ஜெயந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகேஸ்வரி. பின்னால் மீதி நாலு பேரும் ஒருவர் மடிமேல் ஒருவராக அடைந்துகொண்டிருந்தார்கள். கார் என் ஷெட் வாசலுக்கு வந்து, ஒரு குலுக்கு குலுக்கி, பொத்தென்று நின்றுவிட்டது.

என் உயிரும் கூடவே நின்றது. டீக்கடையில் ஒருவர், "பின்னு வுட்டுச்சா?" என்றார்.

ஜெயந்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "வண்டிக்கு ஒண்ணும் இல்லண்ணா. கிளட்ச்ச வுட்டுட்டேன். டெஸ்ட்டுல ஒரு வாட்டி கூட நிக்கல, இங்க வந்து நின்னுட்சி."

"டெஸ்ட்டு?" என்றேன்.

"அஞ்சு பேரும் பாஸு" என்றாள் மகேஸ்வரி. "நேர்ல வந்து சொல்லணும்னு போன் போடல."

ஜெயந்தி தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கிளட்சை மிதித்து, சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அரைச் சுற்றிலேயே எழுந்துகொண்டது. இந்தத் தடவை அவள் கிளட்சை மெதுவாக, மிக மெதுவாக விட்டாள். கார் குலுங்காமல் நகர்ந்து, டீக்கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பிப் போனது. நான் நடு ரோட்டில் நின்று இரண்டு கையாலும் தட்டினேன். முதலில் நான் மட்டும்தான் தட்டினேன். பிறகு டீக்கடையே தட்டியது.